பிள்ளையார் சுழி இல்லாமல் வந்த கடிதம்

1

எனக்குச் சரியாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விக்கிரமசிங்கபுரத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வீட்டுக் கடிதம்தான். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும், நாள் கிழமை மாறிப்போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவில் கொலம்பஸ் என்கிற ஊரில், மகள் வீட்டில். மகள் மீனா, மருமகன் சேகர், நான். இவ்வளவுதான் வீடு. காலையில் இரண்டு பேரும் ஆபீஸ் போன பிறகு சாயங்காலம் வரைக்கும் என் குரலை நானே கேட்பது கிடையாது. ஃபோன் அடித்தால் சொல்வதற்கு மீனா எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் வாக்கியம் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, அவர்கள் என்ன சொன்னாலும் "தேங்க்யூ" என்று வைத்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வந்தாள். திசையன்விளைப் பெண், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையில் ஒரு காகிதம்.

"அம்மா, தங்கச்சி ஊர்லேருந்து கம்ப்யூட்டர்ல தமிழ்ல கடிதம் அனுப்பிருக்கா. கோழி கிண்டுன மாதிரி வந்துருக்கு. நீங்க சரிபண்ணிப் படிச்சிருவீங்கன்னு எங்க சர்ச்சுல சொன்னாவ."

நான் காகிதத்தின் தலையைத்தான் பார்த்தேன். முதல் வரியே நீளமான வரி. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

"ஊர்ல எல்லாரும் சுகமாத்தான் இருக்காங்களாம்மா?"

"என்னம்மா, பாத்த ஒடனே இப்படிக் கேக்கிய?"

"மேல பிள்ளையார் சுழி இல்லையே."

எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள். "நாங்க வேதக்காரங்கல்லா, ஏசுசாமி கும்புடுதவங்க! எங்க வீட்டுக் கடிதத்துல சுழி போட்டாத்தான் எங்கம்மாவுக்கு மூச்சு நின்னுரும்."

அரைமணி நேரத்தில் படித்துச் சொன்னேன். தங்கச்சி பரீட்சையில் தேறியிருக்கிறாள், பசு கன்று போட்டிருக்கிறது. எஸ்தர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அவளோடு சேர்ந்து சிரிக்க எனக்கு முடியவில்லை. போன வருஷம் இதே மார்கழியில் நான் செய்த காரியம் நெஞ்சில் வந்து நின்றது. ஒரு வருஷமாக ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

2

எனக்கு ஒரே அண்ணன், சங்கரலிங்கம். விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதினி காலமான பிறகு அண்ணனும் மகள் கோமதியும் மட்டும் வீட்டில். கோமதி பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் அடிக்கிற வேலை பார்க்கிறாள். தினம் பஸ்ஸில் போய்வருவாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. போன வருஷம் ஐப்பசியில் பாபநாசம் ஆற்றில் குளிக்கும்போது கல் குத்தி வலது காலில் புண்ணானது. செருப்புப் போடச் சொன்னால் போடமாட்டார். "ஆத்துத் தண்ணி பட்டா ஆறிரும்" என்பார். ஆறவில்லை. ஒவ்வொரு வாரமும் கோமதி எழுதுவாள், புண் இவ்வளவு இருக்கிறது என்று. நான் வாசிப்பேன். திரும்ப நலம் விசாரித்து எழுதுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. அண்ணன் தன் கையால் எனக்கு எழுதி இருபது வருஷமாகியிருந்தது.

காரணம் நான்தான். எங்கள் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் அப்போது பம்பாயில் குடியிருந்தேன், மீனாவைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். வீட்டில் கிடத்தியிருக்கும்போது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், வாயே திறக்காத நான் வாய் திறந்தேன். "அந்தக் கையெழுத்துப் போட்ட கையால கொள்ளி வைக்காதே" என்று கத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் எதிலும் கையெழுத்துப் போடத் தயங்குவதாகச் சொல்வார்கள். மில்லில் ஓய்வூதியப் படிவத்தில்கூடக் கோமதி பக்கத்தில் இருந்து வற்புறுத்த வேண்டியிருந்ததாம்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். எனக்கு இங்கே நிரந்தரமாகத் தங்குகிற அட்டைக்கு, கிரீன் கார்டு என்பார்கள், மனுப் போட்டிருந்தது. அது கைக்கு வருமுன் நாட்டை விட்டுப் போனால் மனு செல்லாது, திரும்ப வர முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்காக என் விரல் ரேகையை எடுக்க மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் ரேகை விழவில்லை. அந்த ஆபீஸ் அம்மாள் என் விரலை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்து மீனாவிடம் என்னவோ சொன்னாள்.

"ஒன் வெரலெல்லாம் தேஞ்சுபோச்சாம்மா, கோடே இல்லையாம்."

"பாத்திரம் தேச்ச கைன்னு சொல்லு அவகிட்ட."

மீனா சொல்லவில்லை. அவளுக்கு இந்த இடங்களில் நான் பேசுவதே கூச்சம்.

3

அண்ணன் வீட்டில் ஃபோன் கிடையாது. கோமதி அனுப்பும் கடிதம் மருமகனுடைய கம்ப்யூட்டருக்கு வரும். அவள் எந்தத் தமிழ் எழுத்தில் அடிக்கிறாளோ அதே எழுத்தை மருமகன் இங்கேயும் ஏற்றி வைத்திருந்தார். ஞாயிறோ திங்களோ அச்செடுத்துத் தருவார். எப்போதும் ஒரே அமைப்புத்தான். உச்சியில் உ. அதன் கீழே சிவமயம். வலது பக்கம் ஊரும் தேதியும். பிறகு, "அன்புள்ள அத்தைக்கு கோமதி எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கு தங்கள் நலமும் அக்கா அத்தான் நலமும் அறிய ஆவல்." கம்ப்யூட்டரில் அடித்தாலும் இது இல்லாமல் அனுப்பக்கூடாது என்று அண்ணன் உத்தரவு.

மருமகன் கேலி செய்வார். "அத்தை, புண்ணு பெரிசாயிருச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடியும் அப்பா நலம்னு போடறாளே, எது உண்மை?"

"ரெண்டும்தான் மாப்பிள்ளை."

அவர் டில்லியில் பிறந்து வளர்ந்தவர். மீனா பம்பாயில். இரண்டு பேருக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. மீனாவுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மராத்தியும் ஹிந்தியும் இங்கிலீஷும் படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு பாரம் எதற்கு என்று அவள் அப்பா சொன்னார், நானும் விட்டுவிட்டேன். அதனால் எங்கள் வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் ஐந்தாம் வகுப்புக்காரி நான்தான்.

போன வருஷம் மார்கழியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மருமகன் என்னைக் கூப்பிட்டார். திரையில் தமிழே இல்லை. கூரை போட்ட இங்கிலீஷ் எழுத்து, வால் முளைத்த எழுத்து, தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து, நடுநடுவே கேள்விக்குறி.

"வேற எழுத்துல அடிச்சு அனுப்பிருக்கா அத்தை. வேற எங்கயோ போய் அடிச்சிருப்பா போல. அந்த எழுத்து நம்மகிட்ட இல்ல."

"தமிழ்னா எல்லாம் ஒண்ணுதானே மாப்பிள்ளை?"

அவர் பொறுமையாகச் சொன்னார். கம்ப்யூட்டருக்குள் தமிழுக்கென்று சொந்த இடம் இல்லையாம். இங்கிலீஷ்காரன் ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்தை உட்கார வைக்கிறார்களாம். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். எனக்கு மில்லைக்கொண்டுதான் புரிந்தது. ஒரு மில்லில் நாற்பதாம் நம்பர் டோக்கன் என் அண்ணன் என்றால், வேறு மில்லில் நாற்பதாம் நம்பர் வேறு ஆள். நம்பரைக் கூப்பிட்டால் யாரோ ஒருவன் வந்து நிற்பான்.

"திரும்ப அனுப்பச் சொல்லி எழுதிடறேன்" என்று சொல்லி, முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு தாளையும் அச்செடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் என் அறைக்குக் கொண்டுபோனேன். கட்டிலில் உட்கார்ந்து தாளின் தலையைப் பார்த்தேன். உச்சியில் தனியாக ஓர் எழுத்து இல்லை. அதன் கீழே சின்ன வரி இல்லை. எடுத்த எடுப்பிலேயே நீள வரி.

எங்கள் பக்கத்தில் நல்ல செய்தி என்றால் கடிதத்தின் நாலு முனையிலும் மஞ்சள் தடவுவோம். சாதாரணக் கடிதம் என்றால் சுழி போட்டு ஆரம்பிப்போம். சுழியும் இல்லாமல், நலம் நலமறிய ஆவலும் இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் அது எழவுச் செய்திதான். அதைப் படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது. பிறகு தலைமுழுக வேண்டும்.

இரண்டாம் தாளின் அடியில் பெயர் மாதிரி ஒரு சின்ன வரி. அதன் கீழே எண்கள் மட்டும் எண்களாகவே நின்றன. அண்ணன் போன தேதியும் நேரமும் என்று நினைத்தேன். முன் வாரக் கடிதத்திலேயே புண் கறுக்கிறது என்று எழுதியிருந்தாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

4

இரண்டு தாளையும் நாலாகக் கிழித்தேன். பின்வாசல் கதவைத் திறந்து, பனியில் செருப்பு இல்லாமல் இறங்கி, வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். குளியலறையில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்காது.

ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்கிறேன். சொன்னால், "போக முடியாதேம்மா, மனு இருக்கே" என்பாள். அது அவள் குற்றமில்லை, ஆனால் அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க எனக்குப் பயம். இன்னொன்று, அதுதான் பெரியது: அண்ணனுக்காக எல்லார் முன்னாலும் அழ எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? அவர் உயிரோடு இருந்தவரை இருபது வருஷம் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்காதவள்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு உடன்பிறந்தவன் போனால் மூன்று நாள் தீட்டு. செவ்வாய், புதன், வியாழன். சாமி விளக்கு ஏற்றவில்லை. ஒரு வேளைதான் சாப்பிட்டேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தலைக்குத் தண்ணீர் விட்டேன்.

"என்ன அத்தை, இந்தக் குளிர்ல தினம் தலைக்குக் குளிக்கறீங்க? மார்கழி நோன்பா?" என்று மருமகன் கேட்டார்.

"ஆமா மாப்பிள்ளை."

கோமதியிடமிருந்து பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "இன்னும் வரல" என்றார். வராது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் காரியம் நடக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்?

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறேகாலுக்கு மீனா வந்தாள். கோட்டைக் கழற்றும்போதே சாமி அலமாரியைப் பார்த்தாள்.

"மூணு நாளா விளக்கு ஏத்தல. உடம்பு சரியில்லையா? என்கிட்ட என்னம்மா மறைக்கிற?"

நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மாமா போயிட்டாங்கட்டி."

மீனாவுக்கு முகம் வெளுத்தது. "யாரு சொன்னா? ஃபோன் வந்ததா?"

"கடிதம் வந்துதே, திங்கக்கிழமை."

"அதுதான் படிக்க முடியலையே!"

"மேல சுழி போடல."

அவளுக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். மஞ்சள், சுழி, கிழிப்பது, தலைமுழுகுவது, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் கண்ணில் தண்ணீரும் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஒரு எழுத்து இல்லைன்னு ஒரு மனுஷனைச் சாகடிச்சிட்டியா? அவ அவசரத்துல விட்டிருக்கலாம்ல? மூணு நாள் தனியா இப்படி... நான் இந்த வீட்லதானே இருக்கேன்?"

கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பேப்பர் எங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். குப்பை வண்டிக்காரன் புதன்கிழமையே எடுத்துட்டுப் போயிட்டான்."

அப்போது மருமகன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கிழிச்சா என்ன அத்தை, கம்ப்யூட்டர்ல அப்படியேதான் இருக்கு" என்றார். ஐந்து நிமிஷத்தில் அதே இரண்டு தாளும் திரும்ப என் முன்னால் வந்து கிடந்தது. கிழித்தாலும் போகாத கடிதம் ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியாது.

5

மீனா இரண்டாம் தாளின் அடியைப் பார்த்ததும், "இது தேதி இல்லம்மா! ஃபோன் நம்பர். நம்ம திருநெல்வேலி நம்பர்" என்றாள்.

உடனே கம்ப்யூட்டரை அணைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே ஃபோன் கம்பிதான், அது ஓடினால் ஃபோன் வேலை செய்யாது. மீனா அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இங்கே வியாழன் சாயங்காலம் ஆறரை என்றால் அங்கே வெள்ளி விடியற்காலை ஐந்து. "ஏதாவது கடை நம்பரா இருக்கும். தொறந்ததும் எடுப்பான். கால் மணிக்கு ஒரு தடவை அடிக்கறேன்" என்றாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள். "அதுக்குள்ள நீ படி."

"எப்படிட்டி படிக்க?"

"நீதான் படிக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் தமிழ் எழுத்தா இருந்தாலும் ஒண்ணுதான், இப்படி இருந்தாலும் ஒண்ணுதான்."

அது குத்தலா, வருத்தமா, தெரியவில்லை. ஆனால் உண்மை.

காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு நடுவே கோடு கிழித்தேன். தலைப்பகுதி வழக்கப்படி இல்லை, அதனால் அங்கே தொடங்க வழியில்லை. வால் பக்கம் போனேன். எப்பேர்ப்பட்ட கடிதமானாலும் கடைசியில் இப்படிக்கு என்றும் பெயரும் இருக்கும். ஃபோன் நம்பருக்கு மேலே இருந்த வரியில் ஆறு குறிகள். கோமதி என்று எழுதிப் பார்த்தேன். இரட்டைக் கொம்பு, க, கால், ம, த, அதன் தலையில் வளைகிற மேல்விலங்கு. ஆறு. தமிழ் தட்டச்சில் கையால் எழுதுகிற வரிசையில்தான் குறிகள் விழும் என்று கோமதி முன்பு எழுதியிருந்தாள். அதற்கு மேல் வரியிலும் ஆறு. இப்படிக்கு. இ, ப், ப, டி, க், கு. டியும் குவும் ஒரே குறியாகத்தான் விழும்.

நான் சொல்லச் சொல்ல மருமகன் அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக எழுதினார், நான் எதிரே தமிழ் எழுத்தைப் போட்டேன். கடிதத்தின் முதல் வார்த்தை நாலு குறி. அதில் நாலாவது குறி, கோமதியின் த. அ, த், ஐகாரக் கொம்பு, த, அப்படியானால் அத்தை. அதிலிருந்து அ வந்தது. அ வந்ததும், அ, ப், ப, கால் என்று ஒரு வார்த்தை தாள் முழுக்கக் கிடந்தது.

"அப்பா" என்றேன். விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது இடத்தில் அப்பா.

"செத்தவங்களைப் பத்தி ஒன்பது தடவை எழுதுவாங்களாம்மா?" என்று மீனா கேட்டாள். பென்சிலைக் கூர்சீவித் தரச் சொன்னேன்.

ஒவ்வோர் எழுத்து கிடைக்கக் கிடைக்கப் பக்கத்து வார்த்தைகள் வாய் திறந்தன. சில இடத்தில் கேள்விக்குறிதான், அங்கே எது வரும் என்று ஊர்ப் பேச்சை நினைத்து நிரப்பினேன். இடையிடையே மீனா ஃபோன் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு தாளிலும் படித்ததில் முக்கியமானது இது:

"அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இருந்து அடிக்கிறேன், அவசரம். அப்பா காலில் கறுப்பு ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். என்னையும் போட விடவில்லை. என் தங்கச்சி சொன்னால் போடுகிறேன் என்று சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பேச வசதியில்லை, கீழே ஃபோன் பூத் நம்பர் இருக்கிறது. உடனே பேசுங்கள் அத்தை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது."

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். முடித்ததும் மீனா என்னைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் இருக்கிறார் என்ற சந்தோஷம் எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அங்கே அப்போது வெள்ளிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது.

6

எட்டு மணிக்கு எடுத்தார்கள்.

"யாரு வே காலங்காத்தால?" என்று ஒரு ஆண் குரல். மீனா அமெரிக்கா என்றதும் குரல் மாறியது. "அய்யோ தாயி, கோமதியம்மா நாலு நாளா இந்த ஃபோனைத்தான் பாத்துட்டுக் கெடக்காவ! வச்சிட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு அடிங்க, நான் வார்டுக்குப் போய்க் கூட்டியாரேன்."

பத்து நிமிஷம் கழித்து மீனா ஃபோனை என் கையில் கொடுத்தாள்.

"அத்தை..." என்ற கோமதி அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

"ஏட்டி, அழாத. அண்ணன் எப்படி இருக்காவ?"

"காய்ச்சல் விடல அத்தை. வீம்பும் விடல. நேத்து டாக்டரையே, ஒம்ம கால மொதல்ல வெட்டிட்டு வாரும் வே, பெறவு பேசுவோம்ங்காவ. கட்டில விட்டு எந்திரிக்க முடியாது. நீங்க எங்கிட்டச் சொல்லுங்க, நான் போய்ச் சொல்லுதேன்."

"கையெழுத்துப் போடச் சொல்லு."

"அது பத்தாது அத்தை. நானும் நீங்க சொன்னதாப் பொய்யாச் சொல்லிப் பாத்தேன். அதுக்கு அப்பா, எங்க அம்மாவுக்குப் போட்ட கையெழுத்தே போதும், அவ மனசுல என்ன இருக்குன்னு கேளுங்காவ."

பக்கத்தில் மகள், மருமகன். அந்தப் பக்கம் பூத்காரர், இன்னும் யார் யாரோ.

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "என்னட்டி செய்ய?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன், போடு என்று. வாய் திறக்கவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். எழவு வீட்டில் நான் கத்தியபோது, நீயும்தானே சொன்னாய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபது வருஷம் சொல்லவில்லை.

ஃபோனில் தலையாட்ட முடியாது.

"கோமதி, நான் சொல்லுதத அப்படியே சொல்லு. அன்னைக்கு வராந்தாவுல தலையாட்டுனது நான்தான்னு சொல்லு. எல்லார் முன்னாலயும் பழிய அண்ணன் மேல போட்டதும் நான்தான். அம்மா போனது அண்ணன் கையெழுத்தால இல்ல. இப்ப வாயால சொல்லுதேன், போடச் சொல்லு."

கோமதி நான் சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு, "சரி அத்தை" என்றாள்.

அரைமணி கழித்து மறுபடி பேசினோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். "வாயத் தொறந்து சொன்னாளா?" என்றாராம். ஆமாம் என்றதும், "பேனாவக் கொண்டா" என்றாராம்.

அன்றைக்கு மத்தியானமே காலை எடுத்தார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அண்ணன் பிழைத்துவிட்டார். இப்போது இரண்டு கட்டை வைத்து நடக்கிறார். செருப்பு வாங்கச் சொன்னால், ஒற்றைச் செருப்பு விற்கிற கடை இருந்தால் சொல்லுங்க வே என்கிறாராம். மாதம் ஒரு கடிதம் தன் கையாலேயே எழுதித் தபாலில் போடுகிறார். அந்தப் பழைய விஷயத்தை அவரும் எழுதுவதில்லை, நானும் எழுதுவதில்லை. எனக்கு அட்டை வருகிற வைகாசிக்குள் வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வந்ததும் போய்ப் பார்ப்பேன்.

அந்தக் காலண்டர் தாளை வைத்துத்தான் இப்போது இந்த ஊர்த் தமிழர்களுக்கு வரும் கடிதங்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். மூன்று விதமான எழுத்துக்கு மூன்று தாள் ஆகிவிட்டது. மீனா பக்கத்தில் உட்கார்ந்து குறிகளை எழுதித் தருவாள். அம்மா என்றும் அப்பா என்றும் இப்போது அவளே எழுத்துக்கூட்டிவிடுகிறாள். எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நான் தலை குனிந்துகொள்கிறேன், கூச்சம் என்று நினைக்கிறார்கள்.

கடிதம் வந்தது திங்கட்கிழமை. அதில் முழங்காலுக்குக் கீழே என்றுதான் இருந்தது, அந்த வரியை நான் பலமுறை சரிபார்த்துவிட்டேன். நான் பேசியபோது அங்கே வெள்ளிக்கிழமை. நடுவில் நான் தலைமுழுகிக்கொண்டிருந்தேன். கோமதியிடம், எழுத்துப் புரியவில்லை, அதனால்தான் தாமதம் என்று மட்டும் சொன்னேன். கிழித்ததை, தீட்டுக் காத்ததை இன்னும் சொல்லவில்லை. இது அச்சில் வந்தால் அவள் படிப்பாள்.

நாள் கிழமையில் நான் எங்கேனும் தவறியிருந்தால் ஊர்க்காரர்கள் திருத்திச் சொல்லுங்கள். கோமதி, உனக்கு ஒரு வேலை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் உன்னிடம் இருக்கும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, ஒவ்வொரு நாளும் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று எடுத்துப் பார். கீழே என்றிருந்தது எந்த நாளில் மேலே என்று ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும். சீட்டில் இருக்கிறபடியே எழுது. அத்தை வருத்தப்படுவாள் என்று ஒரு நாளைக்கூட மாற்றிப் போடாதே.